ஆவன செய்யப்பட்டது

எங்கள் தெருவுக்கு வேகத்தடை வேண்டும், தெரு முழுக்க நிற்கும் கார்களுக்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று மாநகராட்சிக்கு மனு கொடுத்தோம். மாநகராட்சி லாரி வந்தது. முனையில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மாவின் ஸ்டூலையும், தள்ளுவண்டிக்காரரின் தராசையும் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டது. மறுநாள் சங்கத் தலைவரின் செல்போனுக்குக் குறுஞ்செய்தி: "தங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது. மனு முடித்துவைக்கப்பட்டது."

ஸ்டூல் இருந்த இடத்தில் இப்போது ஒரு எஸ்.யூ.வி. நிற்கிறது. அதைத் தூக்கும் அளவுக்குப் பெரிய லாரி மாநகராட்சியிடம் இல்லை போலும்.

எந்த மாநகராட்சி என்று கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் 25 இருக்கின்றன. எந்த ஊர்க்காரர் படித்தாலும் தம் ஊரைத்தான் எழுதியிருக்கிறான் என்று நினைக்கப்போகிறார். ஒன்றின் பெயரைச் சொல்லி மற்ற 24 மேயர்களின் மனத்தை நான் எதற்குப் புண்படுத்த வேண்டும்?

மனுவைக் கூட்டம் போட்டுத்தான் எழுதினோம். ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டைமாடி, டீ, முறுக்கு. தலைவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். "பொருள்: வேகத்தடை அமைத்தல் மற்றும் வாகன நிறுத்தத்தை ஒழுங்குபடுத்தக் கோருதல் – தொடர்பாக" என்று அவர் வாய்விட்டுப் படித்தபோது மாடியே நிமிர்ந்து உட்கார்ந்தது. தகராறு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஒழுங்குபடுத்துவது என்றால் யாருடைய காரை?

எங்கள் தெரு லே-அவுட்டில் முப்பது அடி. வீட்டுக்கு வீடு வாசலில் போட்டிருக்கும் சிமெண்ட் சரிவு பக்கத்துக்கு மூன்றடி தின்கிறது. அதை ஒட்டி நிற்கும் கார்கள் பக்கத்துக்கு ஆறடி. மிச்சமுள்ள பன்னிரண்டு அடியில் பள்ளிக்கூட வேன், தண்ணி லாரி, குப்பை வண்டி, பத்து நிமிஷத்தில் தக்காளி கொண்டுவந்தாக வேண்டிய டெலிவரி பையன், மெயின் ரோட்டு சிக்னலுக்குப் பயந்து குறுக்கே புகும் ஊர்க்காரர்கள். இவ்வளவுக்கும் நடுவில் நடந்துபோகிறவர்கள் நாம். நடைபாதை எங்கே என்கிறீர்களா? அந்த சிமெண்ட் சரிவுதான். அதன்மேல் துளசி மாடமும் வைத்திருக்கிறார்கள். இடிக்கப் போனால் உணர்வு புண்படும். நடப்பவனின் முழங்கால் உடைந்தால் மாவுக்கட்டு போட்டுக்கொள்ளலாம்.

கார்களை நிறுத்தியிருப்பவர்கள் யாரோ அல்ல. மாடியில் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தவர்கள்தான். ஒவ்வொரு வீட்டின் வரைபடத்திலும் தரைத்தளத்தில் கார் நிறுத்த இடம் காட்டியிருக்கிறது, அதற்கு அனுமதி முத்திரையும் இருக்கிறது. காகிதத்தில் கார் நிற்கும் அந்த இடத்தில் ஒரு வீட்டில் டியூஷன் சென்டர், ஒரு வீட்டில் தையல் கடை, இன்னொன்றில் ஏ.டி.எம். வாடகை உள்ளே வருகிறது, கார் வெளியே போகிறது. இந்தக் கட்டடங்களை நேரில் பார்த்துச் சான்று கொடுத்த அதிகாரிகளுக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. கைதான் நீண்டிருக்கிறது.

ஒரு வாசலில் காலி பெயிண்ட் வாளிக்குள் சிமெண்ட் ஊற்றி, நடுவில் இரும்புக் குழாய் நட்டு வைத்திருக்கிறார்கள். முதலாளி காரில் ஆபீஸ் போயிருக்கும் நேரத்தில் இடத்தைக் காப்பது அந்த வாளி. எதிர்வீட்டு கேட்டில் "இங்கே வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்" என்று போர்டு. பொதுத் தெருவில் காற்றைப் பிடுங்கும் அதிகாரத்தை எந்தச் சட்டமன்றம் அவருக்குக் கொடுத்ததோ தெரியாது. அவருடைய இரண்டாவது கார் மூன்று வீடு தள்ளி, உறை போர்த்தி, உறை பறக்காமல் மேலே செங்கல் ஏற்றி, கொரோனா காலத்திலிருந்து அப்படியே நிற்கிறது. நான்கு டயரும் தரையோடு தரை. அதனடியில் பூனை ஒன்று மூன்றாம் ஈத்துக் குட்டிகளோடு குடியிருக்கிறது. காற்றைப் பிடுங்க அந்த வண்டியில் காற்றே இல்லை.

ஆகவே விவாதித்து, கை தூக்கி, மனுவில் ஒரு சொல் சேர்த்தோம்: 'வெளியாட்களின்' வாகனங்களை நிறுத்தத் தடை விதிக்க வேண்டும். ஒருவர் பாக்கியில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் வெளியாள் கார் என்று ஒன்றுகூட இல்லை. வெளியாள் என்று இருந்தவர்கள் பூக்காரம்மாவும் தள்ளுவண்டிக்காரரும்தான். மாநகராட்சிக்குப் படிக்கத் தெரியாது என்று யார் சொன்னது? நாங்கள் எழுதாமல் விட்டதையும் சேர்த்தே படித்திருக்கிறார்கள்.

இடத்தின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், ஏறக்குறைய 135 சதுர அடி வேண்டும். அந்த அளவுள்ள அறையில் எங்கள் பகுதியில் மூன்று பையன்கள் தங்கி வேலைக்குப் போகிறார்கள். அட்வான்ஸ் கொடுக்கிறார்கள், வாடகை கொடுக்கிறார்கள், தண்ணி மோட்டார் ஓடியதற்குத் தனியாகக் கொடுக்கிறார்கள். அதே 135 சதுர அடி தெருவில் காருக்கு இனாம். பூக்காரம்மா உட்கார்ந்த இடம் நான்கு சதுர அடி இருந்தால் அதிகம். அவருக்கென்று 2014இல் நாடாளுமன்றம் தெருவோர வியாபாரிகள் சட்டம் போட்டிருக்கிறது. கணக்கெடுக்க வேண்டும், சான்று தர வேண்டும், அப்புறப்படுத்துவதானால் 30 நாள் முன்னால் நோட்டீஸ் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. லாரியில் வந்தவர்கள் முப்பது விநாடிகூடக் கொடுக்கவில்லை. காருக்கு நோட்டீஸ் இல்லை, சான்று இல்லை, கணக்கெடுப்பும் இல்லை. அது பாட்டுக்கு நிற்கிறது.

ஜப்பானில் 1962இலேயே சட்டம் செய்துவிட்டார்கள். நிறுத்த இடம் இருக்கிறதென்று காவல் நிலையத்தில் சான்று வாங்கி நீட்டினால்தான் கார் உங்கள் பெயருக்கு வரும். இங்கே ஷோரூமில் சம்பளச் சீட்டை நீட்டினால் போதும். தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு வீடுவரைக்கும் ஓட்டிவந்த பிறகுதான் வீட்டில் இடமில்லை என்பதே நினைவுக்கு வரும். அதனாலென்ன, தெரு இருக்கிறதே.

மனுவை முதலில் கவுன்சிலரிடம் கொண்டுபோனோம். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்து, எங்கள் வார்டும் பெண்கள் வார்டு. ஆகவே கவுன்சிலரின் கணவரைப் பார்த்தோம். "சொல்லுங்கண்ணே, நம்ம ஏரியா, நம்ம ஜனம், நமக்கு இல்லாததா?" என்றார். மனுவை வாங்கினார், வாங்குவதுபோல் மறுபடி ஒருமுறை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார். கவுன்சிலரம்மா உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நாங்கள் தெருவுக்குத் திரும்புவதற்குள் வாட்ஸாப்பில் படம் வந்துவிட்டது: பொதுமக்களின் நீண்டநாள் கோரிக்கையை நிறைவேற்றிய எங்கள் வார்டின் விடிவெள்ளி. மனு இன்னும் அவர் வீட்டு டீப்பாயில்தான் கிடந்தது.

அந்தப் படம் அடுத்த வாரமே ஃபிளெக்ஸாகவும் மாறி, பள்ளிக்கூடத் திருப்பத்தில் இருந்த 'மெதுவாகச் செல்க' பலகையின் மேலேயே கட்டப்பட்டது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஆளுங்கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாண பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண் கீழே விழுந்து, பின்னால் வந்த லாரி ஏறி இறந்துபோனார். அந்த வாரம் எல்லாக் கட்சித் தலைவர்களும் இனி பேனரே வைக்காதீர்கள் என்று தொண்டர்களுக்குச் சொன்னார்கள். தொண்டர்கள் தலைவன் சொல் தட்டாதவர்கள். பரபரப்பு அடங்கும்வரை வைக்கவில்லை.

வார்டைத் தாண்டி மண்டல அலுவலகம். ஏ.இ. நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். "ரோடு நம்மளோடதுதான் சார். ஆனா ஸ்பீட் பிரேக்கர்னா டிராபிக் போலீஸ் லெட்டர் வேணும். நாங்களா போட்டா ஆடிட்ல பிடிப்பான்." டிராபிக் போலீஸில் போனால், "சார், நாங்க பரிந்துரைதான் பண்ணுவோம். தார் ஊத்துறது எங்க வேலையா? கார்ப்பரேஷன்ல போயி கேளுங்க." கார் நிறுத்தும் விஷயத்துக்கும் இதே கதி. எங்கே வண்டி நிற்கலாம் என்று தீர்மானிப்பது மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ. உள்ளாட்சியைக் கலந்தாலோசித்துத் தீர்மானிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவு. கலந்தாலோசிப்பது நடந்துகொண்டே இருக்கிறது. எங்களை அங்கேயும் இங்கேயும் அனுப்புவதுதான் அந்த ஆலோசனை.

தெருமுனை மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். திருப்பத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் கம்பம் மின்வாரியத்துக்கு. அதன் காலடியில் தோண்டி மூடாமல் போன குழி குடிநீர் வாரியத்துக்கு. குழியைச் சுற்றிக் கட்டிய ரிப்பன் ஏதோ ஒப்பந்தக்காரருக்கு. அதில் விழுகிறவன் மட்டும் எந்தத் துறைக்கும் சொந்தமில்லை.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கும் போனோம். வரிசை, டோக்கன், கணினியில் பதிவு, ஒப்புகைச் சீட்டு. மனு வாங்கும் முகாம்களின் பெயர் ஆட்சிக்கு ஆட்சி மாறும். பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலியும் மாறுவதில்லை. சில வாரம் கழித்துப் பதில்: "தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது." உரிய துறை எது என்று துருவினால் அதே ஏ.இ. "உங்க மனு எனக்கே வந்திருக்கு சார்" என்று எங்களிடமே காட்டினார். அவரும் பதில் எழுதினார்: நிதி ஆதாரத்துக்கு உட்பட்டுப் பரிசீலிக்கப்படும். 2022இல் வார்டு குழு, பகுதி சபை என்று விதிகள் கொண்டுவந்தார்களே, அதில் பேசலாமே என்றீர்களானால், பேசினோம். தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. அழகான கையெழுத்து.

பக்கத்துத் தெருக்காரர்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கு நேர்ந்தது அப்படி. விடிகாலையில் பால் வாங்கப் போன பெரியவர் ஒருவர், நடக்க ஓரம் இல்லாததால், நின்றிருந்த வேனைச் சுற்றி நடு ரோட்டுக்கு வந்தார். வளைவில் வந்த கார் அடித்தது. பிணத்தை வாங்க மாட்டோம் என்று உறவுக்காரர்கள் மெயின் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். தாசில்தார் வந்தார், உதவி கமிஷனர் வந்தார், பேச்சுவார்த்தை நடந்தது. அன்று ராத்திரியே ரோலர் வந்தது. தார் வந்தது. ஆள் வந்தது. விடிவதற்குள் வேகத்தடை.

எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். டிராபிக் போலீஸ் லெட்டர் எங்கே போயிற்று? ஆடிட் எங்கே போயிற்று? நிதி ஆதாரம் எந்தப் பீரோவிலிருந்து கிளம்பி வந்தது? தார் அத்தனை நாளும் கிடங்கில்தான் இருந்தது. ரோலர் ஷெட்டில்தான் நின்றது. ஆட்கள் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு குறையுமில்லை, ஒரு பிணம்தான் குறைந்திருக்கிறது. அது சேர்ந்ததும் கோப்பு பூர்த்தியாகிவிட்டது.

போட்டதையாவது ஒழுங்காகப் போட்டார்களா? இந்தியச் சாலைக் காங்கிரஸ் வேகத்தடைக்கென்றே அளவு சொல்லியிருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், மணிக்கு 25 கிலோமீட்டரில் அலுங்காமல் ஏறி இறங்கலாம். முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை, மேலே வண்ணப்பூச்சு. அங்கே வந்தது முழங்கை அகலத்தில் ஒரு தார் மேடு. பெயிண்ட் இல்லை, பலகை இல்லை, மேலே தெருவிளக்கும் இல்லை. அடுத்த வாரமே புருஷனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்த பெண் தூக்கியெறியப்பட்டு இடுப்பெலும்பு முறிந்தது. உடனே அந்தத் தெருச் சங்கம் வேகத்தடையை அகற்றக் கோரி மனு கொடுத்தது. அது பரிசீலனையில் இருக்கும்போதே அமைச்சர் ஒருவர் கல்யாண மண்டபத் திறப்புக்கு அந்த வழியாக வருவதாகத் தகவல். முதல்நாள் இரவு மேட்டைச் சுரண்டி எடுத்து, குழியெல்லாம் அடைத்து, பிளீச்சிங் பவுடரில் கோடும் போட்டுவிட்டார்கள். குடிமக்கள் உயிருக்குத் தார். அமைச்சரின் முதுகுக்குக் கடப்பாரை. இரண்டும் ஒரே கிடங்கிலிருந்துதான்.

இது எங்கள் பேட்டையின் கூத்து மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர், நாளுக்கு 49. அதே ஆண்டு இந்தியா முழுவதும் நடந்துபோகையில் அடிபட்டுச் செத்தவர்கள் 32,825 பேர். இவர்கள் வேகமாகப் போகவில்லை, ஹெல்மெட் போடாமல் போகவில்லை, குடித்துவிட்டு ஓட்டவில்லை. நடந்தார்கள், அவ்வளவுதான்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 198ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சாலையின் வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் பாதுகாப்புத் தரத்தைக் காக்கத் தவறிய அதிகாரியோ ஒப்பந்தக்காரரோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் கட்ட வேண்டும். எப்போது? அதனால் யாராவது செத்தாலோ ஊனமானாலோ மட்டும். ஆக, பிணம் கேட்பது எங்கள் மண்டல அலுவலகம் மட்டுமல்ல, டெல்லியும்தான். அதே திருத்தத்தில் பதினேழு வயது மகனிடம் வண்டியைக் கொடுத்து அவன் குற்றம் செய்தால் அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. ஆள் சாகும்படி ரோடு போட்டவருக்குச் சிறை கிடையாது. அந்த ஒரு லட்சத்தையாவது எங்கள் ஊரில் யாராவது கட்டி நான் பார்த்ததில்லை.

நம் ஊரில் பழைய சாலை விபத்து வழக்கு ஒன்று உண்டு. திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் கன்று சிக்கிச் செத்தது. தாய்ப்பசு போய் மணியடித்தது. ராஜா தன் மகனையே தேர்க்காலில் கிடத்தினார். மனுநீதிச் சோழனின் சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. மனு வாங்க அரசு நடத்தும் நாளுக்கே மனுநீதி நாள் என்று பெயர். இன்றைக்கு அந்தப் பசு வந்து மணியடித்திருந்தால் முதலில் வார்டு எண் கேட்டிருப்பார்கள், பிறகு ஆதார் நகல். தேர் அறநிலையத் துறைக்கு, வீதி நகராட்சிக்கு, கன்று கால்நடைத் துறைக்கு என்று மூன்று நகல் எடுக்கச் சொல்லியிருப்பார்கள். கடைசியில், பொது வீதியில் திரிந்த குற்றத்துக்காகப் பசுவையே மாடு பிடிக்கும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது என்று மனுவை முடித்துவைத்திருப்பார்கள்.

சாலை திருந்துவதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரில்தான் என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் 1971இல் ஏறக்குறைய 3,300 பேர் சாலையில் செத்தார்கள். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்றே இயக்கத்துக்குப் பெயர் வைத்து அங்கே தாய் தகப்பன்கள் தெருவில் இறங்கினார்கள். நடுத்தெருவில் மேசை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள், குழந்தைகளை விளையாட விட்டார்கள். தங்கள் காரை வேறு எங்கே நிறுத்துவது என்பது அவர்களுக்கு முதல் கவலையாக இருக்கவில்லை. இங்கேயும் முடியாததில்லை. 2019இல் சென்னை பாண்டி பஜாரில் காரிடமிருந்து இடத்தைப் பிடுங்கி நடப்பவருக்குக் கொடுத்தார்களே. வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். தீபாவளிக்கு அங்கே போய்ப் பாருங்கள், கால் வைக்க இடமிருக்கிறதா என்று.

எங்கள் சங்கம் மறுபடியும் ஒரு மனு தயார் செய்கிறது. இம்முறை 198ஏ பிரிவைக் குறிப்பிடுகிறோம், வேகத்தடையின் அளவைச் சென்டிமீட்டர் உட்பட எழுதுகிறோம், பூக்காரம்மாவின் ஸ்டூலைத் திருப்பிக் கேட்கிறோம். தலைவர் வழக்கம்போல் 'தொடர்பாக' போட்டு அருமையாக எழுதிவிட்டார். நான் முதல் பத்தியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் அனைவரும் எங்கள் கார்களைத் தெருவிலிருந்து எடுத்து வீட்டுக்குள் நிறுத்திவிட்டோம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

மனு சங்க அலுவலக மேசையில் பேனாவோடு இருக்கிறது. இதுவரை ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.